பாக்கியம் கோச்சிடம் அடி வாங்கியவர்கள் சார்பில்

கோச் பாக்கியம் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் இயந்திரத்தின் வாய்க்குள் பாதி உடம்பை நுழைத்து, அடைத்துக்கொண்டிருந்த தூளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மீதிப் பாதி உடம்பு நுழையாது. கைப்பேசி அடித்தது. மகள் தர்ஷினி.

“பா, கோச் போயிட்டாங்க.”

“எங்க போனாங்க?”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. பதறிப்போய்த் தலையைத் தூக்கி இரும்பில் இடித்துக்கொண்டேன். மேற்பார்வை பார்க்கும் சுப்ரா, “யாருலா போன்ல?” என்றார். “என் மூக்கை உடைச்ச அம்மா செத்துப் போயிட்டாங்க” என்றேன். அவர் ‘நல்லதாப் போச்சு’ என்று சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

இதை வாசிக்கப்போகிற பாதிப் பேருக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. விலாவைத் தடவிப் பார்த்தாலே ஞாபகம் வரும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாக்கியம் எங்கள் எஸ்டேட் கீழ் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். கொழுந்து பறிக்கப் போயிருக்க வேண்டிய வயதில் மலை இறங்கிப் போய்க் குத்துச்சண்டை கற்றுக்கொண்டு, தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் பல வருஷம் காசுக்குக் குத்தினார். அவருக்கு அது பிழைப்பு. இடது கண்ணில் பாதிப் பார்வையோடு ஊர் திரும்பினார். பகலில் கியா பார்மில் முட்டைகோஸ் கூடைகளை லோரியில் ஏற்றுவார். சாயங்காலத்தில், தானா ராத்தாவில் எங்கள் பிள்ளைகள் படித்த இடைநிலைப்பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பார். மூக்கு முகத்தோடு ஒட்டிப்போயிருக்கும். இரண்டு புருவத்திலும் தையல் தழும்பு. அவர் சிரித்தால் பயமாக இருக்கும், சிரிக்காமல் இருந்தால் இன்னும் பயமாக இருக்கும்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பிள்ளையின் கையில் கிளவுஸ் ஏறுவதற்கு முன்னால், அப்பனோ அம்மாவோ ரிங்கில் ஏறி அவரிடம் ஒரு ரவுண்டு அடி வாங்க வேண்டும். அடி வாங்காத வீட்டுப் பிள்ளையை அவர் சேர்த்துக்கொள்ள மாட்டார். தலைமையாசிரியர் சொன்னாலும் சரி, எஸ்டேட் துரையே சொன்னாலும் சரி. அப்படி வாங்கிக்கொண்ட பெற்றோர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அதன் பெயரே ‘அடி வாங்கியவர்கள்’தான். கோச்சைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று பேச்சு வந்தபோது எல்லாரும் என் பக்கம் கை காட்டினார்கள். இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் பாரத்தோடு படிப்பு என்னைக் கைவிட்டது. நான்தான் அதைக் கைவிட்டேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். இருந்தாலும், “மணியம்தான் நிறைய பேசுவான், அதையே எழுதட்டும்” என்று குழுவில் இருக்கும் லோரி ஓட்டுநர் ரவி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நான் கோச்சை முதன்முதலில் நேருக்கு நேர் பார்த்தது பள்ளிக்கூடத்துக் கட்டொழுங்கு ஆசிரியர் அறையில். பள்ளி பஸ்ஸில் ஒரு பையன் தானா ராத்தாவில் ஏறியதிலிருந்து பிரிஞ்சாங் வரை என் மகளின் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்திருக்கிறான். பிரிஞ்சாங் மார்க்கெட் வளைவில் இவள் எழுந்து திரும்பிக் குத்தினாள். இரண்டு பல் போயிற்று. விலக்கிவிட வந்தவனுக்கும் ஒன்று விழுந்து உதடு கிழிந்தது. சீட்டெல்லாம் ரத்தம். நான் போனபோது பையனின் அம்மா பல்லை ஒரு திசுத்தாளில் மடித்து வைத்துக்கொண்டு, “பாருங்க! பாருங்க!” என்று எல்லார் மூஞ்சிக்கும் நேராக நீட்டிக்கொண்டிருந்தார். நான் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, பல்லைக் கொடுத்தால் கொண்டுபோய் ஒட்டிவிடுகிற ஆள் மாதிரி நின்றேன்.

மண்டபத்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்க உள்ளே வந்த கோச் பல்லையும் பார்க்கவில்லை, அந்த அம்மாவையும் பார்க்கவில்லை. நேராக என் மகளிடம் போய் அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். கட்டை விரல் வீங்கி நீலம் பாய்ந்திருந்தது.

“கட்டை விரல உள்ள மடக்கி வெச்சுக் குத்தியிருக்க. இன்னொரு தடவை இப்படிக் குத்தினா உன் விரல்தான்டி உடையும், அவன் பல்லு இல்ல. யாரு அப்பா?”

“நான்தான் கோச்.”

ஆட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தார். “நாளைக்குச் சாயங்காலம் வாங்க தம்பி. பிள்ளை வேணாம். நீங்க மட்டும்.”

சம்மதக் கையெழுத்துக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துச் சட்டைப்பையில் பேனா சொருகிக்கொண்டு போனேன். மண்டபத்தில் ஒரு கூட்டம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கறிபாப் பலகாரம் தின்றுகொண்டிருந்தது. புதிதாக யார் அடி வாங்கினாலும் பழையவர்கள் வந்து பார்ப்பது வழக்கமாம். கல்யாண வீட்டு முன்வரிசை மாதிரி.

“கோச், பேனா கொண்டாந்திருக்கேன்.”

“அத வெளிய வெச்சிட்டு வாங்க. குத்திடும்.”

தலைக்கவசம் மாட்டினார்கள். பல் உடையாமல் இருக்க வாயில் ரப்பர் வைத்தார்கள். கீழே லோரி ரவி, “மணியம், கண்ண மூடிக்காத. மூடினா எந்தப் பக்கம் விழுறோம்னு தெரியாது!” என்று கத்தினார். எனக்கு எதிரே என்னைவிட ஐந்தாறு வயது மூத்த ஒரு பெண்மணி, டிராக் சூட்டும் பழைய கிளவுஸும். பெண்பிள்ளையை எப்படித் திருப்பி அடிப்பது என்றுதான் என் கவலை. அந்தக் கவலை ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

முதல் குத்து வந்ததை நான் பார்க்கவே இல்லை. மூக்குக்குள் முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாயில் உப்புக் கரித்தது. கையை முகத்துக்குத் தூக்கினேன். தூக்கிய இடத்தை விட்டுவிட்டு வலது விலாவுக்குக் கீழே இரண்டாவது வந்தது. அதுவரை எனக்கு ஈரல் என்று ஒன்று இருப்பதே தண்ணியடிக்கும்போது என் மனைவி இந்திரா சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டேன். உடம்பில் இருந்த காற்றெல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டது. முட்டி போட்டேன். அம்மா என்று சொல்லக்கூட ஒரு வாய்க் காற்று இல்லை.

கோச் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். “உங்க மகள் பேரு என்ன?”

எனக்குத் தெரியும். நான்தான் வைத்தேன். இந்திரா வேறு பெயர் சொல்லி, மாமியார் வேறு பெயர் சொல்லி, எல்லாரிடமும் சண்டை போட்டு நான் வைத்த பெயர். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ரத்தமும் எச்சிலும்தான் வந்தது.

“சொல்லுங்க தம்பி. சொந்த மகள் பேரு.”

“த... த...”

“இது கால்வாசி அடி. நாளைக்கு உங்க பிள்ளை மேல நிப்பா, முழுசா வாங்குவா. நீங்க கீழ நின்னுக்கிட்டு ‘அடிடீ, விடாதடீ’ன்னு கத்துவீங்க. அப்ப அவளுக்குத் தன் பேரே தெரியாம இருக்கலாம். கத்துறதுக்கு முன்னாடி இந்த நிமிஷத்த நெனச்சுக்குங்க.”

எழுப்பி உட்கார வைத்து, மூக்கில் பஞ்சு அடைத்து, என் தோளில் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டார். மரியாதை செய்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டேன். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எந்தப் போட்டிக்குப் போனாலும் பிள்ளையின் மூலையில் உதவியாள் என்று அப்பன் பெயரையோ அம்மா பெயரையோதான் கோச் கொடுப்பார். துண்டு அவர்கள் கையில் இருக்கும். துண்டு ரிங்குக்குள் விழுந்தால் சண்டை முடிந்தது, தோல்விதான். “நான் எதிராளியப் பாக்குறவ. எனக்குப் பழகிப்போச்சு, வேற பாக்கத் தெரியாது. நீங்க உங்க பிள்ளைய மட்டும் பாருங்க. வேற எதையும் பாக்காதீங்க.”

எதிராளியை விட்டுக் கண்ணை எடுக்கத் தெரியாது என்று அவர் சொன்னது பேச்சுக்காக இல்லை என்பதை அந்த வருஷ மழைக்காலத்தில் பார்த்தேன். பயிற்சியில் இருந்த ஒரு பெண்ணின் அப்பா குடித்துவிட்டு, கையில் பாராங் கத்தியோடு மண்டபத்துக்குள் வந்தார். பெயர் வேண்டாம், அவரும் இப்போது நம் குழுவில்தான் இருக்கிறார். பிள்ளையைச் சேர்க்க அடி வாங்கியது அந்தப் பெண்ணின் அம்மா. வீட்டுக்காரருக்குத் தெரியாது. “எம் பொண்ண ரௌடி ஆக்குறியாடி?” என்று கத்திக்கொண்டே தொங்கிய குத்துப்பையை வெட்டினார். மணல் கொட்டியது. அடுத்த வெட்டுக்குக் கத்தியை ஓங்கிக்கொண்டு மகளின் பக்கம் திரும்பினார்.

கோச் ஓடவில்லை. நடந்துதான் போனார். கத்தி பிடித்த கையின் உட்பக்கத்தில் ஒன்று, கத்தி விழுந்தது. தாடையில் ஒன்று, எலும்பு நகர்ந்தது எங்களுக்கே தெரிந்தது. ஆள் சுவரில் சாய்ந்தார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. விலாவில், வயிற்றில், திரும்பவும் விலாவில். மாவு பிசைகிற மாதிரி, கோபமே இல்லாத முகத்தோடு குத்திக்கொண்டே இருந்தார். அந்த மனுஷன் சரிந்து கீழே வர வர இவரும் கூடவே குனிந்து குத்தினார். பிள்ளைகள் அலறினார்கள். நானும் ரவியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தொங்கினோம். காற்றில் பறக்கிற தகரக் கூரையைப் பிடித்த மாதிரி எங்களையும் சேர்த்துத்தான் குத்து போய்க்கொண்டிருந்தது. “கோச், போதும்! செத்துருவாரு!” காதிலேயே விழவில்லை.

என் கால் பட்டு ஓரத்தில் இருந்த இரும்பு வாளி சிமெண்டில் விழுந்தது. டங்.

கோச் அப்படியே நின்றார். இரண்டு கையையும் தாழ்த்தினார். திரும்பி நடந்துபோய் ரிங்கின் மூலையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வாயைத் திறந்து காட்டினார். ரப்பரை யாராவது எடுத்துவிடுவார்கள் என்று காத்திருப்பதுபோல. வாயில் ரப்பரே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எங்களை அடையாளம் தெரிந்தது. “எனக்கு நிறுத்தத் தெரியாது தம்பி. மணி அடிச்சாதான் நிறுத்துவேன். அப்படியே பழக்கிட்டானுங்க” என்றார். பிறகு அந்த மனுஷனைத் ரவியின் லோரியில் ஏற்றித் தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தாடையில் கம்பி கட்டிப் படுத்திருந்தவருக்குத் தினமும் கஞ்சி வைத்து, ஸ்ட்ரா போட்டுக் கொடுத்ததும் கோச்தான். அவர் குணமான பிறகு ரிங்கில் ஏறி முறைப்படி ஒரு ரவுண்டு வாங்கிக்கொண்டார். “ஏற்கனவே வாங்கினது கணக்குல வராதா கோச்?” என்று கேட்டாராம். “அது வேற, இது வேற” என்று சொல்லிவிட்டாராம்.

பயிற்சியில் இரக்கமே கிடையாது. மேகம் இறங்கி எதிரே இருப்பவர் தெரியாத நாளில்கூடத் தேயிலைச் சரிவில் ஏறி இறங்கி ஓட வேண்டும். முட்டி சிராய்த்து வந்தால் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்ப ஓடச் சொல்வார். ஆனால், தலையில் ஓர் அடி பலமாக விழுந்தால் அந்தப் பிள்ளையை அன்றைக்குத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார். “வலிக்குதுன்னா எனக்குக் கவலை இல்லடி. வலிக்கலன்னா ஓடி வந்து சொல்லணும்” என்பார். பயிற்சி முடிந்ததும் எல்லாரையும் டவுனில் பாய் கடைக்குக் கூட்டிப்போவார். ரொட்டி சானாயை நாலாகக் கிழித்து, வாய் கிழிந்த பிள்ளைகளுக்கு மட்டும் சாம்பாரில் ஊற வைத்துக் கொடுப்பார்.

தர்ஷினி அவரிடம் இரண்டு வருஷம் இருந்தாள். அவள் கைகள் மாறின, நடை மாறியது. சாப்பிடும்போதுகூட இடது காலை முன்னால் வைத்து உட்காருவாள். பதினேழு வயதில், ஐந்தாம் பாரத்தில் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. குவாலா லிப்பிஸில் நடந்த போட்டியின் கடைசிச் சுற்றில் ஜெயித்தால் மாநிலக் குழுவில் இடம். அதோடு விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி எடுக்கிற பள்ளியில் சேரலாம். இந்த மலையை விட்டு வெளியே போக அவளுக்கு இருந்த ஒரே கதவு அது. படிப்பில் அவள் என் மகள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. “பா, இத விட்டா ஸ்ட்ராபெரி கடையில நின்னு டூரிஸ்டுக்குப் பை போட்டுக் குடுக்க வேண்டியதுதான்” என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எதிராளி இவளைவிட உயரமான பெண். முதல் ரவுண்டில் இவள் நிறைய வாங்கினாள். இரண்டாவதில் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து பனியனில் சொட்டியது. நம் குழுவினர் பாதிப் பேர் வேன் பிடித்து வந்திருந்தார்கள். ரவி தொண்டை கிழியக் கத்தினார். நானும் கத்தியிருப்பேன். துண்டு என் கையில் இருந்தது. கோச் எனக்குப் பக்கத்தில் கயிற்றில் முழங்கையை ஊன்றி, அந்த உயரமான பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ரவுண்டின் நடுவில் தர்ஷினி காதோரத்தில் ஒன்று வாங்கினாள். பெரிய அடியாகத் தெரியவில்லை. உடனே பதிலுக்கு இரண்டு கொடுத்தாள். எதிராளி கயிற்றில் போய் விழுந்தாள். மண்டபம் எழுந்து நின்றது. “முடிக்கப் போறா! முடிக்கப் போறா!” என்றார் கோச். அப்போது என் மகள் ரப்பர் தெரியச் சிரித்தாள்.

எல்லாரும் அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. என் மகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தாங்க முடியாமல் போனால்தான் அவள் சிரிப்பாள். சின்ன வயதில் கொதிக்கிற தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டபோது, தோல் உரிந்து தொங்க, என்னிடம் சிரித்துக்கொண்டேதான் நடந்து வந்தாள். இந்தச் சிரிப்பும் அதே சிரிப்பாக இருந்தது. அப்படித்தான் நினைத்தேன். இல்லாமலும் இருந்திருக்கலாம். ஜெயிக்கப்போகிற பிள்ளை சிரிக்கக் கூடாதா என்ன?

துண்டு என் கையை விட்டுப் போனது எனக்கே தெரியாது. வெள்ளையாக ரிங்கின் நடுவில் கிடந்தது. நடுவர் இரண்டு பேருக்கும் இடையில் புகுந்து கையை ஆட்டினார். கயிற்றில் சாய்ந்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த உயரமான பெண்ணின் கையைத் தூக்கினார்கள். அவளே என்னைத் திரும்பிப் பார்த்தாள். ‘ஏன் அங்கிள்?’ என்று கேட்பதுபோல இருந்தது.

கோச் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கயிற்றுக்குள் குனிந்து தர்ஷினியிடம் போய்விட்டார்.

உடை மாற்றும் அறையில் தர்ஷினி கிளவுஸைக் கழற்றிவிட்டு என்னைக் குத்தினாள். விளையாட்டாக இல்லை. விலாவில் ஒன்று, தாடையில் ஒன்று. இரும்பு அலமாரியில் போய் மோதினேன். “நான் ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன்! ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன்பா!” கோச் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“கோச், பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே!”

“அவளுக்கு உரிமை இருக்கு தம்பி. நிமிர்ந்து நில்லுங்க.”

நிமிர்ந்து நின்றேன். இன்னொன்று விழுந்தது. அதோடு அவளே சுருண்டு உட்கார்ந்து அழுதாள்.

திரும்பும்போது வேன் ரிங்லெட்டுக்கு ஏறுகிற வளைவுகளில் தர்ஷினி வாந்தி எடுத்தாள். “காலையில தின்ன நாசி லெமாக் கெட்டுப்போயிருந்துச்சு” என்றாள். மலைப் பாதை, வளைவு, எல்லாரும் எடுப்பதுதானே என்று நான் பிளாஸ்டிக் பையைத் தேடினேன். கோச் முன் சீட்டிலிருந்து திரும்பினார். “இந்த ரோட்டுல வளந்த பிள்ளை வளைவுல வாந்தி எடுக்காது. ரவி, வீட்டுக்கு வேணாம். ஆஸ்பத்திரிக்கு விடு.”

தானா ராத்தாவிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தலையைப் படம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. லேசான அதிர்ச்சியாக இருக்கலாம், ஓய்வெடுக்கட்டும் என்றார் டாக்டர். நான் அந்தப் படத்தைக் கும்பிட்டேன். தர்ஷினி அதை என்னிடமிருந்து பிடுங்கினாள். “பாத்தியா? ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாததுக்கு நீ என் வாழ்க்கைய முடிச்சு வெச்சிட்ட.” அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போயிற்று. தர்ஷினி கிளவுஸைக் கோச்சிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வீட்டில் என்னோடு பேசுவதையும் நிறுத்தினாள். இந்திராவிடம் சொல்லி, இந்திரா என்னிடம் சொல்வாள். மூன்று பேரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருப்போம்.

ஒரு நாள் சாயங்காலம் கோச் வீட்டுக்கு வந்தார். தர்ஷினி உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்திரா நெத்திலிச் சம்பலும் சோறும் வைத்தாள். கை நடுங்கச் சாப்பிட்டார். அந்த நடுக்கத்தை அப்போதுதான் முதலில் கவனித்தேன்.

“கோச், நான் செஞ்சது சரியா தப்பா? அத மட்டும் சொல்லுங்க. எனக்குத் தூக்கம் இல்ல.”

“தெரியாது தம்பி.”

“நீங்களே இப்படிச் சொன்னா?”

“துண்டு போட்டவனுக்கு அது சரியான்னு எப்பவும் தெரியாது. போடாதவனுக்குத்தான் தெரியும்.” சோற்றை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார். “என் கடைசிச் சண்டை தாய்லாந்துல, ஹாட்யாயில. எங்கப்பாதான் மூலையில நின்னாரு. தோள்ல துண்டு. எஸ்டேட்டுலேர்ந்து ஒரு பஸ் ஆளு வந்திருந்துச்சு. எனக்குக் கண்ணு போயிருச்சு, ஒரு பக்கம் இருட்டு. அந்தப் பக்கத்துலேர்ந்தே அவ குத்துறா. அப்பா பாத்துட்டாரு. பஸ்ஸுல வந்தவங்க முன்னாடி எப்படிப் போடுறதுன்னு நின்னுட்டாரு. இன்னும் ஒரு ரவுண்டுதானேன்னு.”

இந்திரா தண்ணீர் ஊற்றினாள். அவர் குடிக்கவில்லை.

“கண்ணு போனதுகூட எனக்குப் பெருசா தெரியல. அதுக்கப்புறம் எங்கப்பா ரொம்ப வருஷம் இருந்தாரு. காலையில நான் காப்பி கொண்டுபோய்க் குடுப்பேன். வாங்கிக்குவாரு. என் மூஞ்சியப் பாக்கமாட்டாரு. சாவுற வரைக்கும் பாக்கல. அந்தாளுக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் தம்பி. அதுக்காகத்தான் அன்னைக்கு உங்கள அடிச்சேன்.”

உள் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. தர்ஷினி கேட்டாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு கோச் சீக்கிரமே தளர்ந்துவிட்டார். வாங்கிய அடியெல்லாம் தலைக்குள்ளேயே தங்கியிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பேச்சு குழறியது. லோரியில் கூடை ஏற்ற முடியவில்லை. சாயங்காலங்களில் தெரியாத யாருடனோ சண்டை போடுவதுபோலப் படுக்கையில் முஷ்டியை ஆட்டுவார். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் விழும். கடைசி மாதங்களில் அவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியது அவரிடம் படித்த பெண் பிள்ளைகள், முறை வைத்துக்கொண்டு. அதில் தர்ஷினியும் ஒருத்தி. ஒரு நாள் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் வீட்டுக்கு வந்தாள். “கோச் அடிச்சிட்டாங்க” என்றாள் இந்திராவிடம். “இன்னும் கை நல்லா வருது.” அன்றைக்கு அவள் முகத்தில் இருந்தது பெருமைதான்.

இறுதிச் சடங்குக்கு எங்கள் குழுவில் எல்லாரும் வந்தோம். பாடையைத் தூக்கியது நாங்கள்தான். தாடையில் கம்பி கட்டியிருந்தவர் முன்னால் தோள் கொடுத்தார். கோச்சுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. கொள்ளி வைக்கப் பெண் பிள்ளைகளில் ஒருத்தி முன்வந்தபோது யாரோ ஒரு பெரியவர் ஏதோ முணுமுணுத்தார். அத்தனை பெண்களும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முணுமுணுப்பை முழுங்கிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது தர்ஷினிதான் காரை ஓட்டினாள். இப்போது தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். மலையை விட்டுப் போகவில்லை. ஒரு வளைவில் எதிரே காய்கறி லோரி வந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “மெதுவாமா, பாத்து” என்றேன்.

“நீ சும்மா இருப்பா. துண்டு போட்ட ஆளு நீ.”

நாலு வருஷமாக இப்படித்தான். டிவி பார்க்கும்போது, மீன் வாங்கும்போது, கார் ஓட்டும்போது. என்னோடு திரும்பப் பேசத் தொடங்கியதே இந்த வார்த்தையோடுதான். நான் மறுத்துப் பேசுவதில்லை. அன்றைக்கு அவள் ஜெயித்திருப்பாளா, இல்லை வேறு ஏதாவது ஆகியிருக்குமா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. கோச் பாக்கியம் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது இந்தத் தெரியாமைதான். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் மகள் காப்பியைக் கொண்டுவந்து மேசையில் டொக்கென்று வைக்கிறாள். சர்க்கரை கேட்டால், “துண்டு போட்ட ஆளுக்குச் சர்க்கரை வேறயா?” என்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்த்துத்தான் வாங்கிக் குடிக்கிறேன்.